நான்காம் தலைமுறைப் பெருமையும் நேற்று வந்தவர்களும்: வட டகோட்டா ஹோம்ஸ்டெட் வேரைத் தேடுவது

கேள்வி, ஜனவரி 9

ஃபார்கோவில் இருக்கிறோம். மருமகள் வீட்டார் நார்வே வழி, வட டகோட்டாவில் நான்காம் தலைமுறை. விருந்து என்று கூடினாலே "எங்கள் கொள்ளுத்தாத்தா ஹோம்ஸ்டெட் எடுத்த மண்" என்ற பேச்சு வந்துவிடும். 1880களில் கப்பலில் வந்தவர்களும் வந்தேறிகள், விமானத்தில் வந்த நாங்களும் வந்தேறிகள். இதில் அவர்களுக்கு மட்டும் என்ன தனிப் பெருமை என்பது என் வாதம். இன்னொன்று, பேத்திக்காக அந்த நிலம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியும், வேறொன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?

ஜனவரி 9, இரவு

நிலத்திலிருந்து தொடங்குவோம் ஐயா. ஹோம்ஸ்டெட் என்பது அரசு நிலத்தில் பதிந்து, ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதவருக்கு அந்த நிலம் சொந்தமாகிற முறை. உங்கள் வாதத்துக்கான பதிலும் அந்த நிலத்தின் கோப்புக்குள்தான் இருக்கிறது.

முதலில் அமெரிக்க நில நிர்வாகத் துறையின் ஜிஎல்ஓ (பழைய பொது நில அலுவலகம்) ஆவணத் தளத்தில் மாநிலமும் குடும்பப் பெயரும் கொடுத்துத் தேடுங்கள். கட்டணம் இல்லை. அரசு முதன்முதலாக ஒரு தனியாளுக்கு நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகல் கிடைக்கும். நம் ஊர்க் கணக்கில் பட்டா மாதிரி. ஆனால் அது ஒரே பக்கம். பெயர், நில விவரம், தேதி, எண், அவ்வளவுதான். குடும்பக் கதை அதில் இருக்காது.

அதில் குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்த நில அலுவலகம் (ஃபார்கோ, கிராண்ட் ஃபோர்க்ஸ், பிஸ்மார்க், டெவில்ஸ் லேக், மைனாட் என்று பல இருந்தன), இறுதிச் சான்றிதழ் எண், நில விவரம். 1908 ஜூலைக்குப் பிந்தியது என்றால் தொடர் எண் ஒன்று இருக்கும், அதுவே போதும். இவற்றை வைத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த நிலத்தின் முழுக் கோப்பையும் நகல் கேளுங்கள். படிவ எண் 84, இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணம் உண்டு. நெப்ராஸ்காக் கோப்புகள் பெரும்பாலும் இணையத்தில் ஏறிவிட்டன. டகோட்டாவுக்கு இன்னும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஜனவரி 10

நில விவரத்தைப் படிக்கத் தெரியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். "வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 150 வடக்கு, ரேஞ்ச் 62 மேற்கு, ஐந்தாம் தலைமை நெடுங்கோடு" என்ற மாதிரி இருக்கும். டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். டவுன்ஷிப் எண் அளவைத் தொடக்கக் கோட்டிலிருந்து வடக்கே எத்தனையாவது சதுரம் என்றும், ரேஞ்ச் எண் தலைமை நெடுங்கோட்டிலிருந்து மேற்கே எத்தனையாவது என்றும் சொல்லும். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். ஹோம்ஸ்டெட் சட்டம் கொடுத்தது அந்த அளவுதான்.

செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். 6க்கு நேர் கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பி 12. உழுகிற ஏர் வரப்புக்கு வரப்பு திரும்புகிற மாதிரி மாறி மாறிப் போய், தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். எல்லா வரிசையும் இடமிருந்து வலம் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடினால் சில மைல் தள்ளி யாரோ ஒருவர் வயலில் போய் நிற்பீர்கள்.

இங்கே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். 16, 36 ஆகிய செக்‌ஷன்கள் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. குடும்ப நிலம் அதில் இருந்தால் பெரும்பாலும் அது மாநிலத்திடம் விலைக்கு வாங்கியது. நார்தர்ன் பசிபிக் ரயில்பாதையின் இருபுறமும் அகலமான பட்டையில் ஒற்றைப்படை செக்‌ஷன்கள் ரயில் கம்பெனிக்கு மானியமாகப் போயின. அந்தப் பட்டைக்குள் ஒற்றைப்படை எண் என்றால் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். "ஹோம்ஸ்டெட் எடுத்தோம்" என்று வீட்டில் சொல்வதெல்லாம் சட்டப்படி ஹோம்ஸ்டெட்டாக இருக்காது. வாங்கிய நிலத்தில் வியர்வை குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. தேட வேண்டிய அலமாரி வேறு, அவ்வளவே.

ஜனவரி 12

கோப்பு வந்தால் என்ன இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

விண்ணப்பம். ஐந்து ஆண்டு முடிந்தபின் கொடுத்த இறுதி நிரூபண வாக்குமூலம். இரண்டு சாட்சிகள், பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். நிரூபணத்துக்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும், அதன் நறுக்கும் அச்சகத்தார் பிரமாணமும். வாக்குமூலத்தில் வீட்டின் நீள அகலம், கொட்டகை, கிணற்றின் ஆழம், எத்தனை ஏக்கர் உழுதார், என்ன விதைத்தார், எவ்வளவு காலம் வெளியே போயிருந்தார், ஏன் போனார் என்று எல்லாம் இருக்கும். குளிர்காலத்தில் மர ஆலைக்கோ ரயில் வேலைக்கோ கூலிக்குப் போனவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும். அந்தத் தாள்தான் முக்கியம். 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், குடிமகனாக இருப்பவருக்கு மட்டுமல்லாமல் குடிமகனாக விரும்புகிறேன் என்று பதிந்தவருக்கும் நிலம் எடுக்கும் உரிமை தந்தது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கிய கையோடு நீதிமன்றத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நில அலுவலகத்துக்குப் போகலாம். ஆனால் பட்டா கைக்கு வருமுன் முழுக் குடியுரிமை பெற்றாக வேண்டும். ஆகவே உங்கள் சம்பந்தி வீட்டார் பெருமைப்படும் அதே கோப்பில் "நான் அந்நியன்" என்று அந்தக் கொள்ளுத்தாத்தா சத்தியம் செய்த தாளும் இருக்கும். பேத்திக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.

ஜனவரி 12, பின்சேர்க்கை

குடியுரிமைத் தாளில் நாட்டின் பெயர் குழப்பும். 1905க்கு முன் வந்த நார்வேக்காரர் "ஸ்வீடன், நார்வே அரசருக்கு" விசுவாசம் துறந்ததாகத்தான் எழுதியிருக்கும், அப்போது இரண்டுக்கும் ஒரே அரசர். அதை வைத்து ஸ்வீடன்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். பெம்பினா கவுன்ட்டியில் குடியேறிய ஐஸ்லாந்துக்காரர்கள் துறந்தது டென்மார்க் அரசரை. ரஷ்யப் பேரரசரைத் துறந்தவர்கள் பலர் ரஷ்ய மொழி பேசாத ஜெர்மானியர்கள்.

1906 செப்டம்பருக்கு முந்திய தாள்களில் பிறந்த ஊர் அநேகமாக இருக்காது. அதன்பின் படிவம் மாறியது, பிறந்த இடம், கப்பல், வந்த தேதி எல்லாம் கேட்டார்கள்.

ஜனவரி 15

"18 டாலருக்கு 160 ஏக்கர், இலவசம் மாதிரிதானே" என்று ஒரு வாசகர். 18 டாலர் என்பது அலுவலகக் கட்டணம் மட்டும். ஒரு ஜோடி மாடு, புல்தரையை உடைக்கும் கலப்பை, வண்டி, விதை, கிணறு, அடுத்த அறுவடை வரை சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சில நூறு டாலர் இல்லாமல் முடியாது. கையில் பணம் இல்லாதவர்கள் முதலில் உறவினர் பண்ணையில் கூலியாக நின்றுவிட்டுப் பிறகுதான் பதிந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் ஆறு மாதம் தங்கிவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். 1891இல் அந்த ஆறு மாதத்தை 14 மாதமாக உயர்த்தினார்கள்.

முதல் ஆண்டு உடைத்த தரையில் நல்ல கோதுமை எதிர்பார்க்க முடியாது. வேர்ப்பின்னல் மக்க வேண்டும். அதனால் பலர் முதலில் ஆளி விதை போட்டார்கள், புதுத்தரையில் அது வரும்.

ஏமாற்றும் நடந்தது. 12க்கு 14 வீடு இருக்கிறது என்று சத்தியம் செய்துவிட்டு 12 அங்குலத்துக்கு 14 அங்குலப் பெட்டி ஒன்றை நிலத்தில் வைத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. சக்கரம் வைத்த ஒரே குடிசையைப் பக்கத்து நிலங்களுக்கு வாடகைக்கு உருட்டிக்கொண்டு போனதாகவும் சொல்வார்கள். படித்துச் சிரிக்கலாம். ஆனால் கோப்பில் வீட்டளவு 12க்கு 14 என்று கண்டதும் சந்தேகப்பட வேண்டாம், நேர்மையான குடிசைகளும் அந்த அளவில்தான் இருந்தன.

ஜனவரி 16, நெப்ராஸ்காவிலிருந்து ஒரு வாசகர்

புல்தரை வீடு பற்றி யாரும் எழுதவில்லையே, சேர்க்கிறேன். மரம் இல்லாத சமவெளி, அதனால் தரையையே பெயர்த்துச் சுவர் எழுப்பினார்கள். தரை ஈரமாக இருக்கும்போது தனிக் கலப்பையால் 12 முதல் 14 அங்குல அகலம், 4 அங்குலக் கனத்தில் பட்டையாக உரித்து, 2 முதல் 3 அடி நீளத்துக்கு மண்வெட்டியால் வெட்டுவார்கள். புல் இருக்கும் பக்கம் கீழே. இரண்டு மூன்று வரிசை கனத்தில், செங்கல் கட்டு மாதிரி இணைப்பு மேல் இணைப்பு வராமல் அடுக்கி, சில வரிசைக்கு ஒருமுறை குறுக்கே போடுவார்கள். 16க்கு 20 அடி வீட்டுக்கு ஏறக்குறைய அரை ஏக்கர் தரை, 3000 கட்டிகள் தேவைப்படும்.

கெடுவது எங்கே? ஒரு நாளில் அடுக்க முடிந்ததைவிட அதிகமாக வெட்டினால் மறுநாள் காய்ந்து உதிர்ந்துவிடும். சுவர் ஓராண்டு வரை கீழே அமிழும். ஜன்னல் சட்டத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் பழந்துணி திணிக்காவிட்டால் கண்ணாடி உடையும். கூரைதான் பெரிய தலைவலி. மழை ஒரு நாள் பெய்தால் உள்ளே மூன்று நாள் சொட்டும். மண்ணும் பூச்சியும் சட்டியில் விழாமல் இருக்க உட்கூரையில் மஸ்லின் துணி கட்டினார்கள். 1886 முதல் கஸ்டர் கவுன்ட்டியில் சாலமன் புட்சர் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். வீட்டுக்கு முன் நல்ல உடை உடுத்தி, இருக்கிற சாமான் எல்லாவற்றையும் வெளியே வைத்துக்கொண்டு நிற்பார்கள். பெருமை என்றால் என்ன என்று அந்த முகங்களில் தெரியும்.

ஜனவரி 18

நெப்ராஸ்கா நண்பர் எழுதியதோடு ஒன்று. டகோட்டாவில் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் புல்தரை வீட்டைவிட மண்கல் வீட்டை விரும்பினார்கள். களிமண், வைக்கோல், தண்ணீர் கலந்து மிதித்து அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த கல். கருங்கடல் கரையில் பழகிய முறை. எரிக்க விறகு இல்லை, அதனால் சாணத்தை வைக்கோலோடு சேர்த்துக் குதிரைகளை விட்டு மிதிக்கவைத்துப் பரப்பி, கட்டிகளாக வெட்டி, காற்றுப் போகும்படி அடுக்கிக் காயவைத்துக் குளிர்காலம் முழுக்க எரித்தார்கள். நம் வறட்டிதான், கொஞ்சம் கனமாக. இலையுதிர் மழைக்கு முன் காயாவிட்டால் அந்தக் குளிர்காலம் வீடெல்லாம் புகை.

இவர்கள் கதை உங்கள் வாதத்துக்கு நேராகத் தொடர்புடையது. 1763இல் ரஷ்ய அரசி காதரின் அழைத்து வோல்கா கரைக்குப் போனார்கள், 1804க்குப்பின் கருங்கடல் பகுதிக்கும் போனார்கள். மொழி, மதம், ராணுவச் சேவை விலக்கு எல்லாம் நிரந்தரம் என்று வாக்கு. 1870களில் அந்த வாக்குப் போனது. டகோட்டாவுக்கு வந்தார்கள். ஜெர்மனியில் இருந்த ஜெர்மானியருக்கு இவர்கள் ரஷ்யர், ரஷ்யருக்கு ஜெர்மானியர், டகோட்டாவில் நார்வேக்காரருக்கு "ரூஷியன்கள்". 1903இல் ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ப் பக்கம் ஹோம்ஸ்டெட் வீட்டில் பிறந்த இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க் தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் புகழ்பெற்றபின்னும் அந்த ஜெர்மன் வாடை பேச்சில் இருந்தது. இன்று அதே மக்களின் கூஹன் பலகாரம்தான் தென் டகோட்டாவின் அதிகாரபூர்வ இனிப்பு.

நடுவில் என்ன ஆனது? முதல் உலகப்போர். 1918 மே மாதம் அயோவா ஆளுநர் பொது இடத்தில், தொலைபேசியில், கோயிலில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று பிரகடனம் போட்டார். தென் டகோட்டாவில் ஹட்டரைட் கூட்டத்தார் (ஜெர்மன் பேசும், போரில் சேராத கிறிஸ்தவர்கள்) துன்புறுத்தலுக்கு அஞ்சிக் கனடாவுக்குப் போனார்கள். நெப்ராஸ்காவில் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் மொழியில் பாடம் சொன்ன ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1923இல் அவர் பக்கம் தீர்ப்பானது. நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவர்கள்தான் இவர்கள் எல்லோரும். பட்டா அவர்களை அந்நியர் என்ற பெயரிலிருந்து காக்கவில்லை.

ஜனவரி 19

முதல் கேள்விக்கு வருகிறேன். "எல்லோரும் வந்தேறிகள்தானே" என்பது பாதி சரி. 1910 கணக்கெடுப்பில் வட டகோட்டா மக்களில் 10 பேரில் 7 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். ஆனால் இந்தச் சமன்பாட்டில் இரண்டு கூட்டத்தார் விடுபடுகிறார்கள்.

ஒன்று, வரவே முடியாதவர்கள். குடியுரிமை "வெள்ளையருக்கு", 1870க்குப்பின் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாதவர் ஹோம்ஸ்டெட் பதிய முடியாது. 1882 சட்டம் சீனர்களை வெளிப்படையாகவே விலக்கியது. சிரியாக்காரர்கள் வெள்ளையரா என்ற வழக்கு 1915இல்தான் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. குடியுரிமை கேட்ட பஞ்சாபியர் பகத் சிங் திந்தின் வழக்கில் 1923இல் இந்தியர்களுக்கு இல்லை என்று தீர்ப்பு. 1946இல்தான் அந்தக் கதவு திறந்தது. ஆகவே நம் ஆட்கள் தாமதமாக வந்தார்கள் என்று யாராவது சொன்னால், சட்டம் தடுத்தது என்று சொல்லுங்கள்.

இரண்டு, ஏற்கெனவே இருந்தவர்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜனவரி 20

நிலத்தின் வேரைத் தேடுகிறவர்கள் பட்டாவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே 160 ஏக்கரை இன்னொரு படி மேலே தேடுங்கள். எந்த ஒப்பந்தத்தில், யாரிடமிருந்து, எவ்வளவுக்கு அரசுக்கு வந்தது? சார்லஸ் ராய்ஸ் 1899இல் தொகுத்த நில ஒப்படைப்பு வரைபடங்கள் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு நிறத் துண்டுக்கும் எண் உண்டு, எண்ணை வைத்து ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடபகுதி 1863 ஓல்ட் கிராசிங் ஒப்பந்தத்தில் ஒஜிப்வே பழங்குடியினரிடமிருந்து வந்தது. டர்ட்டில் மவுன்டன் பகுதியில் 1892 ஒப்பந்தப்படி ஏறக்குறைய 1 கோடி ஏக்கருக்கு 10 லட்சம் டாலர், ஏக்கருக்குப் பத்து சென்ட். அங்கே அதைப் பத்து சென்ட் ஒப்பந்தம் என்றே சொல்கிறார்கள்.

1887 டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனிப் பங்குகளாக்கி, மிச்சத்தை வெளியாருக்குத் திறந்தது. 13.8 கோடி ஏக்கராக இருந்தது 1934க்குள் 4.8 கோடியாகக் குறைந்தது. ஸ்பிரிட் லேக் ரிசர்வேஷன் (பழங்குடிகளுக்கு ஒதுக்கிய நிலம்) 1904இல் குடியேறிகளுக்குத் திறக்கப்பட்டது. 1929க்குள் அங்கே டகோட்டா என்ற பழங்குடி மக்களைவிட ஸ்காண்டிநேவியர்களிடம் அதிக நிலம். இரு கூட்டத்தாரும் பக்கத்து வேலிக்காரர்கள், இரண்டு பேருக்கும் வறுமை. நார்வேக்காரர் சில ஆண்டில் வாக்காளர் ஆனார். டகோட்டா மக்களில் பலருக்கு 1924 சட்டம் வரும்வரை சொந்த மண்ணில் குடியுரிமையே இல்லை.

உங்கள் சம்பந்தி வீட்டார் உழைப்பைப் பற்றிப் பெருமைப்படட்டும், அது அவர்கள் சம்பாதித்தது. மண் காலியாக இருந்தது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

ஜனவரி 23

ஒரு வாசகர்: "ஹோம்ஸ்டெட் என்றால் ஐரோப்பியக் கிறிஸ்தவர் மட்டும்தானே?"

இல்லை. மவுன்ட்ரெயில் கவுன்ட்டியில் ராஸ் ஊருக்கு அருகே சிரியா, லெபனான் பகுதி முஸ்லிம்கள் ஹோம்ஸ்டெட் எடுத்தார்கள். 1929இல் அங்கே கட்டிய பள்ளிவாசல் அமெரிக்காவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. பழைய கட்டடம் போய்விட்டது, 2005இல் அதே இடத்தில் சிறியதாக ஒன்று கட்டினார்கள். பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆஷ்லி ஊர்ப் பக்கம் யூத ஹோம்ஸ்டெட்காரர்களின் கல்லறை இருக்கிறது. கன்சாஸில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் 1877இல் நிறுவிய நிக்கோடிமஸ் இன்றும் உண்டு. தனியாகப் பதிந்த பெண்களும் கணிசம், திருமணமாகாதவரும் விதவையும் பதியலாம். பெண் பெயரில் பத்திரம் கிடைத்தால் "யாருடைய மனைவி" என்று தேடாதீர்கள், முதலில் அவருடைய சொந்தக் கோப்பைக் கேளுங்கள்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் தனிமடலில் சொன்னார், ஜிஎல்ஓ தளத்தில் பெயர் இல்லையாம். இப்படித் தேடுங்கள்.

நார்வேப் பெயர் நிலையானது அல்ல. ஓலே என்பவரின் மகன் ஓல்சன், அதே ஆள் பண்ணைப் பெயரில் பாக்கே. ஒரு தாளில் அது, மறுதாளில் இது. இரண்டிலும் தேடுங்கள். பதிந்தவர் இறந்திருந்தால் பத்திரம் விதவை பெயரிலோ "வாரிசுகள்" என்றோ இருக்கும்.

1890 மக்கள்தொகைக் கணக்கு 1921 தீயோடு பெரும்பாலும் போய்விட்டது. அதற்கு ஈடாக 1885 டகோட்டாப் பிரதேசக் கணக்கைப் பாருங்கள். 1900 கணக்கில் வந்த ஆண்டும், குடியுரிமை நிலையும் இருக்கும். வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகக் காப்பகம் ஃபார்கோவிலேயே இருக்கிறது.

ஊர் ஐம்பதாண்டு, நூற்றாண்டு மலர்களையும் புரட்டுங்கள். அங்கே ஊருக்கு ஒரு மலர் உண்டு, பல இணையத்தில் ஏறிவிட்டன. ஆனால் குடும்பக் கட்டுரைகளை அந்தந்தக் குடும்பமே எழுதிக் கொடுத்தது. தங்கி நின்றவர்கள் மட்டும் இருப்பார்கள். வறட்சியில் விட்டுப் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். நான்காம் தலைமுறைப் பெருமையின் பாதி இந்த மலர்களில் உருவானது என்பது என் எண்ணம்.

ஜனவரி 28

இன்னொரு வாய்ப்பு விட்டுப்போனது. அவர் பதிந்திருக்கலாம், பட்டா பெறாமல் இருந்திருக்கலாம். பதிந்தவர்களில் பலர் முடிக்கவில்லை. அறுவடை போனது, மனைவி இறந்தார், அல்லது பதிவுரிமையை அடுத்தவருக்கு விற்றுவிட்டுப் போனார். அப்படியென்றால் ஜிஎல்ஓ தளத்தில் பெயரே வராது, அது பட்டா பெற்றவர்களின் பட்டியல் மட்டும்.

அதற்கு வழி டிராக்ட் புத்தகங்கள், அதாவது ஒவ்வொரு நிலத் துண்டிலும் யார் யார் பதிந்தார்கள் என்று எழுதிவைத்த பதிவேடுகள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படங்களாக இருக்கின்றன. பெயரால் தேடுவது கடினம், டவுன்ஷிப், ரேஞ்ச் வழியாகப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே முதலில் 1885 கணக்கில் அக்கம்பக்கத்தார் பெயர்களை எடுங்கள், அவர்கள் பட்டாவை ஜிஎல்ஓவில் பாருங்கள், அவர்கள் இருந்த டவுன்ஷிப்பில் டிராக்ட் புத்தகத்தைத் திறந்து அதன் 36 செக்‌ஷன்களையும் வரிசையாகப் படியுங்கள். ஒரு வாரம் ஆகும். ஒரே கால் செக்‌ஷனில் இரண்டு மூன்று பெயர்கள் அடித்து எழுதப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியவர் அடிக்கப்பட்ட பெயர்களில் ஒருவராக இருக்கலாம்.

பெயர் கிடைத்ததும் பதிவு எண், பதிந்த தேதி, நில அலுவலகம் மூன்றையும் எழுதிக்கொண்டு அதே 84ஆம் படிவத்தில் கேளுங்கள். "ரத்தான பதிவு" என்று கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் பட்டா பெற்ற கோப்புகளில் தேடிவிட்டு இல்லை என்று பதில் அனுப்பிவிடுவார்கள். ரத்தான கோப்பு மெலிதாக இருக்கும், ஆனால் விண்ணப்பமும் பல சமயம் குடியுரிமை விருப்பத் தாளும் அதிலும் உண்டு.